கண்டக்டர் இல்லாத பஸ்

ப்ராக் நகரத்தின் ஹோலெஷோவிட்ஸெ ஸ்டேஷன் வாசலில் நின்ற அந்த பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. டிரைவரே டிக்கெட் கொடுத்து, டிரைவரே சில்லறை எண்ணி, டிரைவரே முறைக்கிறார். "தெரெஸீன், ரெண்டு" என்று விரலைக் காட்டினேன். இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு நல்ல குணம், விரலுக்கு மொழிபெயர்ப்பு கேட்பதில்லை.

"கண்டக்டரே இல்லாத பஸ்ஸில் கண்டக்டர்களைத் தேடிப் போகிற ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான்" என்றேன் மனைவியிடம்.

என் ஜோக்குகளுக்கு முப்பது வருஷமாகக் கொடுத்துவருகிற மரியாதையையே இதற்கும் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் சொன்னது விசில் ஊதுகிற கண்டக்டர் அல்ல, கையில் சின்னக் குச்சியோடு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவர். அதிலும் ஒரு தனி ரகம் உண்டு. எல்லோரும் வாசிக்கிற பீத்தோவனையும் மோஸார்ட்டையும் விட்டுவிட்டு, பரணிலும் பெட்டியிலும் லைப்ரரி மூலையிலும் கிடக்கிற, யாருக்கும் ஞாபகமில்லாத காகிதங்களைத் தேடி எடுத்து, தூசி தட்டி, பிழை திருத்தி, வாசிக்க வைக்கிறவர்கள். பாதி புலவர், பாதி துப்பறிவாளர். அவர்களுக்குப் பெரிய வேலை கொடுத்த ஊர் ஒன்று ப்ராகுக்கு வடக்கே அறுபது கிலோமீட்டரில் இருக்கிறது.

"ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்துல ஜெயிலைப் பார்க்கணுமா உங்களுக்கு?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. கண்ணாடிச் சாமான் கடைகளை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

ஒரு மணி நேரம். வழியெல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வயல். பஸ் ஒரு செங்கல் மதிலுக்குள் நுழைந்தது, அவ்வளவுதான், ஊர் வந்துவிட்டது.

தெரெஸீன் ஒரு கோட்டை. 1780-ல் இரண்டாம் ஜோசப் சக்ரவர்த்தி கட்ட ஆரம்பித்து, தன் தாயார் மரியா தெரேஸாவின் பெயரை வைத்தார். நட்சத்திர வடிவத்தில் மதில், அகழி, உள்ளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி தெருக்கள், பெரிய பெரிய பட்டாளக் கட்டடங்கள். இவ்வளவு செலவு செய்து கட்டின கோட்டையை ஒரு எதிரியும் வந்து முற்றுகையிடவில்லை. சும்மா கிடப்பானேன் என்று பக்கத்திலிருந்த சின்னக் கோட்டையை ஜெயிலாக்கினார்கள். முதல் உலக யுத்தத்துக்குத் திரி கொளுத்திய காவ்ரிலோ ப்ரின்ஸிப் அந்த ஜெயிலில் கிடந்துதான் 1918-ல் செத்துப் போனான்.

அப்புறம் 1941 நவம்பரில் நாஜிகள் இதை யூதர்களை அடைக்கிற ஊராக மாற்றினார்கள். பட்டாளமும் ஜனங்களுமாக ஏழாயிரம் பேர் இருந்த இடத்தில் 1942 செப்டம்பரில் ஐம்பத்தெட்டாயிரம் பேர். மொத்தமாக இங்கே கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். பசியிலும் வியாதியிலும் இங்கேயே இறந்தவர்கள் முப்பத்து மூவாயிரம். கிழக்கே ஆஷ்விட்ஸுக்கும் மற்ற இடங்களுக்கும் ரயிலேற்றப்பட்டவர்கள் எண்பத்தேழாயிரத்துக்குக் குறையாது.

இன்றைக்கு ஊர் சாதுவாக இருக்கிறது. சதுக்கம், சர்ச், மரங்கள், ஒரு பாட்டி நாயோடு நடக்கிறாள். இத்தனை பெரிய கட்டடங்களுக்கு இத்தனை கொஞ்சம் ஜனங்கள் என்பதுதான் என்னவோ போலிருக்கிறது. 1990-களில் பட்டாளமும் கிளம்பிவிட்டபிறகு பல கட்டடங்கள் காரை உதிர்ந்து நிற்கின்றன.

மக்டெபர்க் பாரக்ஸ் என்கிற கட்டடத்தில் மாடியேறினோம். இசைக்கென்றே ஒரு காட்சி வைத்திருக்கிறார்கள். கைதிகள் நடத்திய கச்சேரிகளுக்குக் கையால் வரைந்த போஸ்டர்கள், ஸ்வரம் எழுதின தாள்கள். என் மனைவி சின்ன வயதில் வயலின் கற்றுக்கொண்டவள். கல்யாணத்தோடு அது நின்றுபோனதற்கு நான் மட்டும் காரணமல்ல என்று இந்த இடத்தில் பதிவு செய்துகொள்கிறேன். தாள்களைப் பார்த்ததும் கண்ணாடிச் சாமானை மறந்துவிட்டாள்.

முதலில் வாத்தியங்களுக்குத் தடை இருந்தது. கடத்திக்கொண்டு வந்தார்கள். காலில்லாத ஒரு பழைய பியானோவை முட்டுக் கொடுத்து நிறுத்தி வாசித்தார்கள். பிறகு நாஜிகளே அனுமதி கொடுத்தார்கள். காருண்யத்தால் அல்ல, விளம்பரத்துக்கு. 1944 ஜூன் 23-ம் தேதி செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது வீடுகளுக்கு வர்ணம் அடித்து, ரோஜாச் செடி வைத்து, சதுக்கத்தில் பேண்டு மேடை போட்டு ஜோடித்தார்கள். ஊர் நெரிசலாகத் தெரியக்கூடாதே என்று அதற்கு முந்தின மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர்களும் பார்த்துவிட்டு, 'பரவாயில்லையே' என்று போனார்கள்.

நான்கு பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். விக்டர் உல்மன், பாவெல் ஹாஸ், ஹான்ஸ் க்ராஸா, கிடியன் க்ளைன். க்ளைன் சின்னப் பையன், இருபத்து நாலு வயசு. மற்ற மூன்று பேரும் நாற்பதைத் தாண்டியவர்கள். இங்கே வந்து இசை எழுதக் கற்றுக்கொண்டவர்கள் அல்ல. உல்மன் வியன்னாவில் ஷோன்பெர்கிடம் படித்தவர். ஹாஸ், ப்ர்னோ நகரத்தில் யானாசெக்கின் சிஷ்யர். க்ராஸாவின் ஆபராவை 1933-ல் ப்ராகில் ஜார்ஜ் ஸெல் நடத்திவைத்தார். ஹாஸ் எழுதின 'ஷார்லடான்' ஆபரா 1938-ல் ப்ர்னோவில் அரங்கேறியது. மறு வருஷம் நாஜிகள் உள்ளே வந்தார்கள். கதை முடிந்தது.

ஹாஸுக்கு ரஷ்யாக்காரி மனைவி, சின்னப் பெண் குழந்தை. அவர்களாவது தப்பட்டும் என்று விவாகரத்து செய்துவிட்டுத் தனியாக வந்து சேர்ந்தவர். வந்த புதிதில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பையன் க்ளைன் கிடைத்த காகிதத்தில் கையாலேயே ஐந்தைந்து கோடு போட்டு அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தான். 'சும்மா இருக்காதீங்க, எழுதுங்க' என்கிற மாதிரி. அப்படித்தான் மறுபடி ஆரம்பித்தார்.

ஒரு சின்ன விளக்கம். மேல்நாட்டு சங்கீதத்தில் பாட்டு என்பது காகிதம். ஒருத்தர் இருபது வாத்தியத்துக்கு எழுதினால், எல்லாம் சேர்ந்த மூலப்பிரதி ஒன்று, அதற்கு ஸ்கோர் என்று பெயர். அது கண்டக்டருக்கு. அதிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள். வயலின்காரருக்கு வயலின் தாள் மட்டும்தான், பக்கத்து ஆள் என்ன வாசிப்பார் என்று அதில் இருக்காது. காகிதம் போனால் பாட்டு போயிற்று.

ஹாஸ் 1943-ல் தந்தி வாத்தியக் குழுவுக்கு ஓர் உருப்படி எழுதினார். 'தந்தி வாத்தியங்களுக்கான பயிற்சி' என்று பள்ளிக்கூடப் பாடம் மாதிரி சாதாரணமான பெயர். காரெல் ஆன்செர்ல் என்கிற இளம் கண்டக்டர், அவரும் கைதி, ஒரு குழு சேர்த்து நடத்தினார். 1944 ஆகஸ்ட், செப்டம்பரில் நாஜிகள் இந்த ஊரைப் பற்றி ஒரு பிரசார சினிமா எடுத்தார்கள். யூதர்கள் எவ்வளவு சொகுசாக இருக்கிறார்கள் பாருங்கள் என்று! அதில் இந்தக் கச்சேரியும் உண்டு. வாசிப்பவர்களின் காலில் இருந்த லட்சணமான பாதரட்சைகள் தெரியாமலிருக்க மேடை ஓரத்தில் பூந்தொட்டி வரிசை. வாசித்து முடிந்ததும் ஹாஸ் எழுந்து தலை வணங்குகிறார். படத்தின் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. அந்த மனுஷன் குனிகிற சில விநாடிகளைப் பார்த்தபிறகு சாயங்காலம் வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

படப்பிடிப்பு முடிந்தது, நடித்தவர்கள் தேவைப்படவில்லை. செப்டம்பர் 28-லிருந்து அக்டோபர் 28 வரை பதினொரு ரயில், பதினெட்டாயிரம் பேர். அக்டோபர் 16-ம் தேதி ரயிலில் உல்மன், ஹாஸ், க்ராஸா, க்ளைன், ஆன்செர்ல் எல்லோரும். படத்தை டைரக்ட் செய்த குர்ட் கெர்ரோனும் கைதிதான். அவருக்குக் கடைசி ரயில்.

ஆன்செர்ல் பிற்பாடு ஹாஸின் அண்ணன்-தம்பி உறவில் இருந்த ஹ்யூகோ ஹாஸ் என்ற சினிமா நடிகரிடம் சொன்னது இது. ஆஷ்விட்ஸில் இறங்கி வரிசையில் நிற்கிறார்கள். ஆன்செர்லும் ஹாஸும் பக்கம் பக்கமாக. டாக்டர் மெங்கெலே விரலை ஆட்டி ஆட்டி ஆட்களைப் பிரித்துக்கொண்டு வருகிறான். ஆன்செர்லை சாவுப் பக்கம் அனுப்பப் போகிற நேரத்தில் உடம்பு சரியில்லாத ஹாஸ் இருமினார். விரல் அவர் பக்கம் திரும்பிவிட்டது.

ஓர் இருமல். ஆன்செர்ல் பிழைத்தார். அவருடைய மனைவி, இந்த ஊரில் பிறந்த கைக்குழந்தை, அப்பா, அம்மா யாரும் பிழைக்கவில்லை.

யுத்தம் முடிந்து திரும்பிவந்தவர் தெரெஸீனில் தேடினார். ஹாஸின் ஸ்கோர் இல்லை. வாத்தியக்காரர்களின் தனித் தாள்கள் கிடைத்தன. முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ. டபுள் பாஸ், அதாவது ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டு அடித்தளம் கொடுக்கிற அந்தப் பெரிய வாத்தியம், அதன் தாள் மட்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் துப்பறியும் வேலை. லுபோமிர் பெதுட்ஸி என்கிற இசை ஆராய்ச்சியாளர், ஹாஸிடம் படித்தவர். குருநாதரின் கை எப்படிப் போகும், எந்த இடத்தில் கீழ் ஸ்தாயியை நிறுத்துவார், எங்கே ஓடவிடுவார் என்று தெரிந்த ஆள். மற்ற தாள்களை வைத்துக்கொண்டு பாஸ் தாளை எழுதி நிரப்பி, ஸ்கோரைத் திரும்பக் கட்டினார். இன்றைக்கு உலகம் பூராவும் ஆர்க்கெஸ்ட்ராக்கள் வாசிப்பது அதைத்தான். ஆன்செர்ல் 1950-லிருந்து 1968 வரை செக் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தி உலகப் புகழ் பெற்று, கடைசியில் கனடாவில் 1973-ல் காலமானார்.

உல்மன் கதை இன்னும் விசித்திரம். இந்த ஊரில் இருந்த இரண்டு வருஷத்தில் இருபதுக்கு மேல் உருப்படி எழுதினார். ஒரு பியானோ ஸொனாட்டாவின் முதல் பக்கத்தில், வாசிக்கும் உரிமை ஆசிரியருக்கே, அவர் சாகும் வரையில் என்று குறிப்பு வைத்தார். நம்மால் அந்த மாதிரி ஜோக் அடிக்க முடியாது. பீட்டர் கீன் என்கிற இளம் ஓவியர் கதை எழுத, 'அட்லாண்டிஸின் சக்ரவர்த்தி' என்று ஓர் ஆபரா. ஏழு பாடகர், பதின்மூன்று வாத்தியம். ஓயாமல் போர் தொடுக்கிற சக்ரவர்த்தியின் மேல் கோபப்பட்டு எமனே வேலைநிறுத்தம் செய்துவிடுகிறான். எவனும் சாக மாட்டேன் என்கிறான், நாடு திண்டாடுகிறது. கடைசியில், முதல் ஆளாக நீ வருவதானால் வேலைக்குத் திரும்புகிறேன் என்கிறான் எமன். இதை நாஜிகளின் முகாமுக்குள் உட்கார்ந்து எழுதி, ஒத்திகை வரை பார்த்தார்கள். அரங்கேறவில்லை.

ரயிலேறுகிற அன்று உல்மன் எல்லாக் காகிதத்தையும் கையோடு எடுத்துப்போகப் பார்த்தார். நண்பர்கள் வற்புறுத்தி விட்டுவிட்டுப் போகச் செய்தார்கள். முகாம் லைப்ரரியைக் கவனித்துவந்த எமில் உட்டிட்ஸ் வாங்கி வைத்துக்கொண்டார். அவரிடமிருந்து எச். ஜி. ஆட்லர் என்ற எழுத்தாளரிடம் போய், 1947-ல் லண்டனுக்குப் பயணமாயின. கால் நூற்றாண்டு அங்கே பெட்டியில் தூக்கம்.

கெர்ரி உட்வர்ட் என்ற இங்கிலீஷ் கண்டக்டர் ஆட்லரிடம் போய் அந்த ஆபராவைக் கேட்டார். அடித்தல் திருத்தல், ஒரே வரிக்கு இரண்டு மூன்று பாடபேதம். எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து 1975 டிசம்பர் 16-ம் தேதி ஆம்ஸ்டர்டாமில் அரங்கேற்றினார். முப்பத்தோரு வருஷம் தாமதமாக. இதில் ஒரு கிளைக்கதை. அப்போது லண்டனில் ரோஸ்மேரி பிரவுன் என்று ஓர் அம்மாள், லிஸ்ட், ஷோபான் எல்லாம் ஆவியாக வந்து தன்னிடம் புதுப் பாட்டு சொல்லிவிட்டுப் போவதாகச் சொல்லிப் பிரபலமானவர். அவரிடம் உல்மனும் வந்து எமனின் பாட்டில் வாத்தியத்தை மாற்றச் சொன்னாராம். உட்வர்டும் மாற்றினார்! பிற்பாடு வந்த அச்சுப் பதிப்பு கையெழுத்துப் பிரதியைத்தான் நம்பியது. ஆராய்ச்சியாளர்களும் மனுஷர்கள்தானே என்று விட்டுவிடலாம். எனக்கென்னவோ, அத்தனை வருஷம் செத்தவரின் கையெழுத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் குரல் கேட்கும் என்று தோன்றுகிறது.

அமெரிக்காவில் ஒருவர், யோஷா காராஸ். செக் பெற்றோருக்கு வார்ஸாவில் பிறந்து, ஹார்ட்ஃபர்ட் நகரத்தில் வயலின் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தவர். 1970-வாக்கில் தெரெஸீன் இசை என்ற வார்த்தை காதில் விழ, கிளம்பிவிட்டார். பிழைத்தவர்களை வீடு வீடாகப் பார்த்து, பிரதி எடுத்து, க்ராஸாவின் குழந்தைகள் ஆபரா 'ப்ருண்டிபார்' அமெரிக்காவில் நடக்க வழிசெய்து, 1985-ல் புஸ்தகமாகப் போட்டார். அந்த ஆபரா இதே மக்டெபர்க் பாரக்ஸில் 1943 செப்டம்பரில் தொடங்கி ஐம்பத்தைந்து தடவை நடந்தது. நடித்த குழந்தைகள் ரயிலேற ஏற, வேறு குழந்தைகளுக்கு வேஷம் கட்டினார்கள்.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்த நாலு பேரையும் 'முகாம் இசைக்கலைஞர்கள்' என்று ஒரே கட்டாகக் கட்டி, வருஷத்துக்கு ஒரு நாள் மெழுகுவர்த்தி ஏற்றி வாசித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். முகாமுக்கு முன்னால் இருபது வருஷம் எழுதினது எங்கே போச்சு? அவர்களைக் கொன்றவர்கள் ஒட்டின முகவரியையே நாமும் ஒட்டுகிறோம்.

அதனால்தான் இஸ்ரேல் யினோன் என்ற கண்டக்டரை எனக்குப் பிடிக்கும். அவர் தேடிப்போனது மெழுகுவர்த்தி அல்ல, ஆபரா. க்ராஸாவின் 1933-ம் வருஷத்து ஆபராவை 1994-ல் ப்ராகில் மறுபடி மேடையேற்றினார். ஹாஸின் 'ஷார்லடான்' ஆபராவை டெக்கா கம்பெனிக்காக ரிக்கார்டு செய்தார். சந்தையில் மருந்து விற்கிற போலி டாக்டரின் கதை. கேட்டால் அழுகை வராது, சிரிப்புத்தான் வரும். யாரும் சீந்தாத பழைய ஸ்கோர்களோடேயே வாழ்ந்த மனுஷர் 2015 ஜனவரியில் லூஸர்னில் ஒரு மாணவர் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திக்கொண்டிருக்கும்போதே மேடையில் சாய்ந்து இறந்துபோனார். வயசு 59.

மத்தியானம் சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றோம். மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"என்னங்க, மத்த தாள் எல்லாம் இருந்துது. அந்த பாஸ் வாசிச்சவரோடது மட்டும் ஏன் இல்லை?"

"எங்கயாவது விழுந்திருக்கும். எலி தின்னிருக்கும். அடுப்புக்குப் போயிருக்கும்."

"எடுத்துக்கிட்டே ரயில் ஏறியிருப்பாரோ?"

நான் பதில் சொல்லவில்லை.

"போற இடத்துல வாசிக்கச் சொல்வாங்கன்னு நினைச்சிருப்பார்" என்றாள். "வாத்தியத்தைத் தூக்கிட்டுப் போக முடியாது. தாளை மடிச்சுப் பையில வச்சுக்கலாம் இல்லையா?"

ஊர்க் கோடியில் ஓஹ்ரே ஆறு. 1944 நவம்பரில், சாட்சி இருக்கக்கூடாது என்று, இங்கே எரிக்கப்பட்ட இருபத்திரண்டாயிரம் பேரின் சாம்பலை இந்த ஆற்றில்தான் கொட்டினார்கள். போய் நின்றோம். தண்ணீர் பழுப்பாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பும் பஸ்ஸிலும் கண்டக்டர் இல்லை, காலையில் பார்த்த அதே டிரைவர். செல்போனில் ஹாஸின் தந்தி வாத்திய உருப்படியை வைத்து, ஒயரின் ஒரு முனையை அவள் காதிலும் ஒன்றை என் காதிலும் மாட்டினேன். எட்டு ஒன்பது நிமிஷம்தான். சோகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தாவித் தாவி ஓடுகிறது, ஒரு வாத்தியம் ஆரம்பித்ததை இன்னொன்று துரத்துகிறது, நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஓட்டம். அவள் விரல்கள் மடியில் தன்னையறியாமல் ஸ்வரம் பிடித்தன. முப்பது வருஷத்துக்கு அப்புறம்.

முடிந்ததும், "அந்தக் கீழே கேக்குதே, கனமா ஒரு சத்தம், அதானே பாஸ்?"

"ஆமா."

"அது அந்த சிஷ்யர் எழுதினது?"

"ஆமா."

"தெரியவே இல்லையே!" என்றாள். "இன்னொரு தரம் போடுங்க."

போட்டேன்.